ஆர் மொழிக்குள் ஜாவா: மூன்று மாங்காய் சீசன் ஓட்டிய பிறகு

கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் மாங்கூழ் ஆலைகளின் எடைமேடைக் கணக்கு ஓயாது. லோடு கணக்கைக் கூட்டும் பழைய நிரல் ஜாவாவில், புள்ளியியல் வேலை ஆரில் என்று இருந்தால், இரண்டையும் சேர்க்க ஆர்ஜாவா தொகுப்பு நன்றாகவே உதவுகிறது. ஆர் ஓடும் அதே பிராசஸுக்குள் ஜாவா இயந்திரத்தையும் அது கிளப்பிவிடுகிறது. இரண்டும் அவரவர் நினைவகத்தைத் தனித்தனியே கவனிப்பதால்தான் சிக்கல்கள் வருகின்றன.

ஜாவா தன் பொருள்களை வைக்கும் நினைவகமான ஹீப்பின் அளவை ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே, தொகுப்பை ஏற்றும் முன், ஆப்ஷன்ஸில் கொடுத்துவிட வேண்டும். இயந்திரம் ஒருமுறை கிளம்பிவிட்டால் அளவை மாற்ற முடியாது. ஆரை மூடித் திறக்க வேண்டியதுதான். லினக்ஸில் ஜாவாவை மாற்றினால் ஆருக்குப் புது ஜாவாவைக் காட்டிக்கொடுக்கும் ஜாவாரீகான்ஃப் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.

எடை பதியாத லோடுகளில்தான் அதிக எச்சரிக்கை தேவை. ஆரில் முழு எண்ணின் என்ஏ, அதாவது மதிப்பு இல்லை என்ற குறி, உள்ளுக்குள் -2147483648. ஜாவாவுக்கு என்ஏ தெரியாது, அதை வெறும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். 8450, 9120 கிலோ இரண்டு லோடு, எடை விட்டுப்போனது ஒன்று என்றால், இன்ட் என்ற 32 பிட் முழு எண் வகையில் கூட்டுத்தொகை -2147466078. இது கண்ணில் பட்டுவிடும். விட்டுப்போனது இரண்டு என்றால் 32 பிட் சுற்றிவந்து அவை ஒன்றையொன்று அடித்துவிடும். கூட்டுத்தொகை 17570 என்று சரியாகவே நிற்கும். ஆனால் நான்கால் வகுத்து சராசரி 4392 என்று வரும், உண்மையில் 8785. எந்தப் பிழைச்செய்தியும் வராது. என்ஏ வரிசைகளை ஆர் பக்கமே வடிகட்டிவிட்டு அனுப்புங்கள்.

ஒவ்வொரு எடைக்கும் ஓர் அழைப்பு போடாமல் முழு வெக்டரையும் ஒரே அர்ரேயாக அனுப்பினால் வேகம் வெகுவாகக் கூடும். ஜாவா மெத்தடை அழைக்க டாலர் குறி வசதியானது, ஆனால் லூப்புக்குள் மெதுவாகும். அங்கே ஆர்ஜாவாவின் ஜேகால் ஃபங்ஷன்தான் நல்லது. வெறும் 5 என்று எழுதினால் தசம எண் வகையான டபுளாகப் போகும், 5எல் என்றால்தான் இன்ட்.

ஜாவா பொருளை ஆர் சிறு சுட்டியாக மட்டுமே பார்க்கிறது. ஜாவா ஹீப் நிரம்பி வழிந்தாலும் தேவையற்ற பொருள்களை நீக்கும் ஆரின் குப்பை சேகரிப்பு தானாக ஓடாது. நிறைய கோப்புகளைப் படிக்கும் லூப்பில் பத்து கோப்புக்கு ஒருமுறை பொருளை ஆர்எம் கட்டளையால் நீக்கி, குப்பை சேகரிப்பை ஓட்டும் ஜிசியை நீங்களே அழையுங்கள்.

பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்ட, பிராசஸை நகலெடுக்கும் (ஃபோர்க்) எம்சிலாப்ளை வேண்டாம். ஃபோர்க் ஆன பிராசஸில் ஜாவாவின் மற்ற த்ரெட்கள் இருக்காது, அப்படியே தொங்கிவிடும். பார்லாப்ளையில் ஒவ்வொரு வேலையாளுக்கும் (தனி ஆர் பிராசஸுக்கும்) தனி ஜாவா கிளம்பும்: நான்கு பேருக்குத் தலா 2 ஜிபி ஹீப் கொடுத்தால், 8 ஜிபி கணினியில் ஆருக்கே இடமிருக்காது.

வெறும் எக்செல் கோப்பு படிக்க மட்டும் என்றால் இவ்வளவும் தேவையில்லை, ஜாவா கேட்காத ரீட்எக்செல் தொகுப்பு போதும்.