கோவலெவ்ஸ்கயாவா, நோதரா?

பள்ளிப் பேச்சுப் போட்டிக்குப் பெண் கணிதமேதை யாரென்று தேடினால் பலரும் ரஷ்யாவின் சோஃபியா கோவலெவ்ஸ்கயா, ஜெர்மனியின் எம்மி நோதர் என்ற இந்த இருவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

கதை
சோஃபியா: சுவர்க்காகிதம் போதாமல் அறையில் ஒட்டிய நுண்கணிதத் தாள்களை மணிக்கணக்காக வெறித்த சிறுமி. வெளிநாட்டில் படிக்கவென்றே 1868-ல் பெயருக்கொரு கல்யாணம்! 1889-ல் ஸ்டாக்ஹோமில் பேராசிரியர்.
எம்மி: எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ஏழாண்டு சம்பளமில்லா வேலை. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், பெண் என்பதால், அறிவிப்புப் பலகையில் கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட் பெயர், பாடம் நடத்தியது இவர். 1933-ல் நாஜிகள் வேலையைப் பறித்தார்கள்.

கணிதம்
சோஃபியா: சுழலும் பொருள்கள். இதற்காக 1888-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தார் பரிசுத்தொகையை 3,000 பிராங்கிலிருந்து 5,000 ஆக்கிக் கொடுத்தார்கள். மேடையில் பம்பரமே விட்டுக் காட்டலாம்.
எம்மி: 1918 தேற்றம். இயற்பியல் விதிகள் இன்றும் நாளையும் மாறாததால்தான் ஆற்றல் அழிவதில்லை. விளக்க நேரம் வேண்டும்.

ஐந்து நிமிடம், சின்னப் பிள்ளை என்றால் சோஃபியா. பிளஸ் டூ இயற்பியல் படிக்கிறவருக்கு எம்மிதான். என் ஓட்டும் அவருக்கே.