தங்கமீன் தொட்டியில் கபொம்பா: கச்சான் காற்றையும் தாண்டி நின்ற செடி

மட்டக்களப்பு வெக்கையில் தங்கமீன் தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே பெரும்பாடு. அதில் கபொம்பா என்னும் நீர்ச்செடியும் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு, நிற்கும், ஆனால் சூட்டைவிட நீரின் தன்மையைத்தான் கவனிக்க வேண்டும் என்பதே சில ஆண்டுகளாக அதை வளர்த்துவரும் என் பதில்.

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இச்செடிக்கு 13 முதல் 27 பாகை செல்சியஸ் வரையான நீர் உகந்தது. கச்சான் வீசும் ஆனி, ஆடியில் என் தொட்டி நீர் 30 பாகையை எட்டிவிடுகிறது. நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியை ஓடவிட்டால், ஆவியாதலினால் இரண்டு மூன்று பாகை இறங்கும். கச்சான் வரண்ட காற்று என்பதால் இந்த உபாயம் அப்போது நன்றாகவே கைகொடுக்கிறது. மாரிக்கு முந்திய புழுக்கத்தில் அவ்வளவு பலிப்பதில்லை. ஆனால் ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. வாவியை அண்டிய எங்கள் வளவுக் கிணற்றில் ஊறுவது கல்சியம் போன்ற உப்புகள் மிகுந்த வன்னீர். கபொம்பாவோ சற்று அமிலத்தன்மையுள்ள மென்னீரை விரும்புவது. குறைந்த நீரை அந்தக் கிணற்றுநீரால் நிரப்பியபோதெல்லாம் தண்டின் கீழ்ப்பகுதி மொட்டையாகி, இலைகள் இழை இழையாகக் கழன்று வடிகட்டிப் பஞ்சை அடைத்தன. மாரியில் பிடித்துவைக்கும் மழைநீரால் நிரப்பத் தொடங்கிய பிறகே செடி தேறியது.

கடையில் வாங்கும் கட்டின் அடியிலுள்ள ஈயப்பட்டையை அகற்றி, நசுங்கிய பகுதியை வெட்டிவிட்டு, தண்டுகளை இடைவெளி விட்டு ஊன்ற வேண்டும். கொத்தாக ஊன்றினால் நடுவில் வெளிச்சம் படாமல் அழுகும். கத்தரித்த துண்டுகளை வாய்க்காலிலோ குளத்திலோ போடவே கூடாது, ஏனெனில் கணுவுள்ள சிறு துண்டே புதுச்செடியாகிப் பரவும். நான் அவற்றை வெயிலில் காயவைத்துத் தென்னையடியில் போடுகிறேன்.

விளக்கை அணைத்ததும் நுனியிலுள்ள இளம் இலைகள் மெல்லக் கூம்பிவிடும், பார்க்க அழகுதான். ஆனால் இருளில் செடியும் ஒட்சிசனையே உள்ளெடுக்கிறது. 20 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும் நீரில், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். ஆகவே கோடையில், அடர்ந்த செடியுள்ள தொட்டிக்கு இரவு முழுவதும் காற்று மோட்டார் ஓட வேண்டும். இல்லையெனில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

கிணற்றுநீரை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்குக் கபொம்பாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேரின்றி மிதந்தே வளரும் செரற்றோபில்லம் என்னும் நீர்ச்செடி வன்னீரையும் தாங்கும். இலை சற்று முரடு என்பதால் தங்கமீன்களும் அதை அவ்வளவாகக் கொறிப்பதில்லை.