தை மாத லீவில் அம்பாசடர் பினியன் சீல்: கும்பகோணம் பக்கம் வேலை எப்படி

ஊர்வீட்டுக் கொட்டகையில் அம்பாசடரை நிறுத்திவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் லீவுக்கு வந்ததும் முதலில் பார்ப்பது, பின் அச்சின் மூக்குக்கு நேர் கீழே தரையில் படிந்த கறுப்புக் கறை. பின் அச்சுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் பல்தண்டுதான் பினியன்; அதைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் பினியன் சீல். ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்தச் சீலின் உதடு காய்ந்து விறைத்துவிடும். கும்பகோணம், மயிலாடுதுறைப் பட்டறைகளில் சீலை அரை நாளில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் சீலைக் கெடுத்த காரணத்தை விட்டுவிட்டால் அடுத்த லீவுக்கும் அதே கறைதான்.

டெல்டாவில் முதல் காரணம் வைக்கோல். தை, மாசியில் சம்பா அறுவடை, பங்குனியில் உளுந்து. செடியை ரோட்டில் பரப்பிவிடுகிறார்கள், அதன் மேல் ஏறிப் போகாமல் வழியில்லை. ஒரு தாள் ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் நீளத் தண்டு) சிக்கினால் போதும், அந்தத் தண்டு போல்ட் ஆகும் பினியன் ஃபிளாஞ்சுக்கும் அச்சின் கூடான ஹவுசிங்குக்கும் நடுவே கயிறு போலச் சுற்றி உள்ளே இறுகி, உதட்டை அறுத்துவிடும். வண்டியைத் தூக்கி அங்கே விரலை விட்டுப் பாருங்கள். இரண்டாவது, அச்சின் மேலே இருக்கும் பிரீதர் என்ற காற்றுப்போக்கி. வண்டல் மண் அடைத்துக்கொண்டால், ஓடிச் சூடான காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, வாயால் ஊதிப் பார்த்தால் போதும். மூன்றாவது, பினியன் பேரிங். ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது துளி ஆட்டம் தெரிந்தாலும் வேலை சீலோடு முடியாது.

சீலைப் பேரிங் கடையில் வாங்கலாம். பழையதில் எண் அழிந்திருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்து கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். ஃபிளாஞ்சில் சீல் உரசிய இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் பள்ளம் இருக்கிறது, புதுச் சீல் அங்கே நிற்காது. இந்த ஊர் லேத் பட்டறைகளின் கை இதில் நல்ல கை. பம்ப்செட் ஷாஃப்ட் கடைந்து பழகியவர்கள், வெல்டு நிரப்பிக் கடைந்து தருவார்கள். கடைசல் கோடு சுருளாக நிற்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். அந்தச் சுருள் திருகு மரை மாதிரி எண்ணெயை வெளியே இழுத்துவிடும். கடைசியில் எமரித் தாளைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் ஒரே இடத்தில் பிடித்து மெருகேற்ற வேண்டும். பள்ளத்தை மூடி மேலே ஏற்றும் 0.28 மி.மீ. தடிமனுள்ள உலோக உறையான ஸ்பீடி ஸ்லீவ் கிடைக்கும் ஊரில் இருந்தால் அளவு தெரிந்துகொண்டு பெட்டியில் போட்டு வாருங்கள், வெல்டே வேண்டாம். பொங்கல் நாட்களில் லேத் மூடியிருக்கும். வந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டிய கட்டம், ஃபிளாஞ்சைப் பிடித்திருக்கும் பினியன் நட்டு. அவசரத்துக்கு டயர் கடை ஏர் கன்னை வைத்து இறுக்குகிறார்கள். நசுங்கும் ஸ்பேசர் (நட்டை இறுக்க இறுக்க நசுங்கி, பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும் குழல்) உள்ள அச்சாக இருந்தால் அதோடு பேரிங் இறுகி, சில நூறு கிலோமீட்டரில் ஊளையிட ஆரம்பிக்கும். பைப் ரெஞ்சும் வேண்டாம், ஃபிளாஞ்சில் வடு விழும். மூன்றடிப் பட்டை இரும்பில் இரண்டு துளை போட்டு ஃபிளாஞ்சில் போல்ட் செய்தால் பிடித்துக்கொள்ள நல்ல கைப்பிடி.

எண்ணெயை வடிக்கும் முன் நிரப்பும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து அசையாவிட்டால் வடித்த அச்சோடு வண்டி பட்டறையிலேயே நிற்கும். பிறகு ஷாஃப்ட், ஃபிளாஞ்சு, நட்டு, பினியன் நுனி எல்லாவற்றிலும் சென்டர் பஞ்சால் அடையாளம். ஷாஃப்டைக் கழற்றி, பின் சக்கரங்களையும் டிரம்மையும் எடுத்துவிட்டு, ஃபிளாஞ்சு விளிம்பில் நைலான் கயிறு சுற்றி வில்தராசால் இழுங்கள். சீராகச் சுழலும்போது தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பேரிங் எவ்வளவு இறுக்கம் என்பதைக் காட்டும் அளவு இது: ஃபிளாஞ்சின் ஆரம் 5 செ.மீ., தராசு 2 கிலோ என்றால் 10 கிலோ-செ.மீ. வேலை முடிந்ததும் அதே அளவோ மயிரிழை கூடவோ வர வேண்டும். நசுங்கும் ஸ்பேசர் என்றால் நட்டைப் பழைய அடையாளத்துக்கே கொண்டுவந்து, இன்னும் துளி நகர்த்தினால் போதும். நசுங்காத கெட்டி ஸ்பேசரும் ஷிம் என்ற மெல்லிய தகடும் உள்ள வகையில் கையேடு சொல்லும் டார்க் (இறுக்கும் திருகுவிசை) முழுதும் கொடுக்கலாம்.

புதுச் சீலில் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்த்து உள்ளே போக வேண்டும். ஸ்பிரிங் குழியில் கிரீஸ் அடைத்து, சீலின் வெளிவிளிம்பு அளவுள்ள குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது ஸ்பிளைன் பல், அதாவது ஃபிளாஞ்சும் பினியனும் கோத்துக்கொள்ளும் நீளவாட்டுப் பல். பல்லிடுக்கு வழியாக எண்ணெய் ஊர்ந்து நட்டடியில் கசியும், பழி சீல் மேல் விழும். ஃபிளாஞ்சை ஏற்றும் முன் பல்லில் மெல்லிசாக சீலன்ட் தடவச் சொல்லுங்கள்.

கசிவு நிற்கும் என்று கெட்டியான 140 நம்பர் எண்ணெய் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு, கேட்க வேண்டாம். இது ஹைபாய்டு பல், அதாவது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி அழுத்தும் பல்; அதிக அழுத்தத்தைத் தாங்கும் 90 ஈ.பி. எண்ணெய்தான் வேண்டும். சமதரையில் நிறுத்தி, பிளக் துளையில் வழியும் வரை ஊற்றி, வழிவது நின்றதும் மூடலாம். கூடுதலாக நிரப்பினால் அதுவே ஒழுகும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஓடிய வண்டி என்றால், வடித்த எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, இன்னொரு முறை எண்ணெய் மாற்ற வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து பாபநாசம் வரை போய்த் திரும்பி வந்து அச்சின் மூக்கில் உள்ளங்கையை வையுங்கள். சூடு இருக்கும். கையை எடுக்கவே வேண்டிய சூடு என்றால் பேரிங் இறுகியிருக்கிறது, அன்றே திரும்பக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் இரவில் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, காலையில் பாருங்கள்.