அம்பத்தூர் எச்சிங் பட்டறை: டார்ஜிலிங் எஞ்சின் கிட்டுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பெயர்ப்பலகையும் ஷிம் தகடும் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) செய்யும் ஒரு சிறிய கெமிக்கல் எச்சிங் (ரசாயனத்தால் தகட்டை அரித்து வடிவம் எடுக்கும்) பட்டறை, நாமே பூட்டிக்கொள்ளும் மாடல் ரயில் கிட்டுக்கான பித்தளைத் தகடும் போட்டுத் தருகிறது. டார்ஜிலிங் மலை ரயிலின் பி வகுப்பு எஞ்சினை 1:43.5 அளவில் அங்கே கொடுத்து வாங்கிய தகடுகளைப் பற்றியது இந்த மதிப்பீடு.

0.4 மி.மீ. தகட்டில் ஃபிரேம், கேப் (ஓட்டுநர் அறை) சுவர், பஃபர் பீம் (எஞ்சின் முனையின் குறுக்குச் சட்டம்) எல்லாமே விளிம்பு சுத்தமாக வந்திருக்கின்றன. அரம் போட அதிகம் வேலையில்லை. ஆனால் நாம் கொடுக்கும் கம்ப்யூட்டர் வரைபட ஃபைலில் இருப்பதைத்தான் ரசாயனம் அரிக்கும். வரைபடம் சரியா என்று பட்டறையில் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்தப் பொறுப்பு முழுக்க நம்முடையது.

பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்து அப்படியே சுருக்கினால் கிட் பொருந்தாது. தாள் நீளவாக்கில் ஒரு விதமாகவும் அகலவாக்கில் வேறு விதமாகவும் இழுபட்டிருக்கும். சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். பி வகுப்புக்குச் சக்கரம் 26 அங்குலம், இந்த அளவில் 15.2 மி.மீ. குறுக்கே 15.2, நெடுக்கே 15.0 என்று வந்தால் இரண்டு திசையையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். தாளில் எழுதியிருக்கும் எண்ணை நம்புங்கள், கோட்டின்மேல் ஸ்கேல் வைக்காதீர்கள்.

அடுத்தது பாதை அகலம், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி. 2 அடிப் பாதை இந்த அளவில் மிகச் சரியாக 14 மி.மீ. எச்.ஓ. (1:87 அளவு மாடல்) மெக்கானிசம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று 16.5 மி.மீ.க்குப் போனால் ஒவ்வொரு பக்கமும் சக்கரம் 1.25 மி.மீ. வெளியே வந்துவிடும். இது வெளிப்பக்க சிலிண்டர் உள்ள எஞ்சின் என்பதால் கிராங்க் பின் (சக்கரத்தில் தண்டு மாட்டும் முளை) கிராஸ்ஹெட்டில் (பிஸ்டன் தண்டின் முனையில் முன்னும் பின்னும் நகரும் பாகம்) இடிக்கும். சிலிண்டரையும் அதே அளவு வெளியே தள்ளி வரையாவிட்டால் எஞ்சின் ஒரு சுற்றுகூட ஓடாது.

வளைக்கும் மூலையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இரண்டு பக்கச் சுவருக்கு நடுவே உட்காரும் முன்தகட்டின் அகலத்தில், சுவர்களின் தடிமனான 0.8 மி.மீ.யைக் கழித்தே வரைய வேண்டும். பாதி ஆழம் அரித்த மடிப்புக் கோடு மடிப்பின் உள்பக்கம் வரட்டும். துளையைக் கொஞ்சம் சிறியதாக வரைந்து, பிறகு ரீமரால் (துளையைச் சீராகப் பெரிதாக்கும் கருவி) அளவுக்குக் கொண்டுவாருங்கள். ரசாயனம் பக்கவாட்டிலும் தின்னும். தகட்டின் தடிமனைவிடச் சிறிய துளையை எதிர்பார்க்கவே வேண்டாம். சேடில் டேங்கை (பாய்லர்மேல் சேணம்போல் உட்காரும் தண்ணீர்த் தொட்டி) உருட்டி வளைக்கும்போது, பின்னாலிருந்து அரித்த ரிவெட் வரிசையில் தகடு முறிந்தாற்போல் மடங்கும். ரிவெட் வரிசையை வளைவின் மேல் வராமல் ஒதுக்குங்கள், முடியாவிட்டால் உருட்டிய பிறகு ரிவெட்டைத் தனிப்பட்டையாக ஒட்டுங்கள்.

பட்டறையின் குறை என்றால் இரண்டு. தகட்டில் வடிவத்தைப் பதிக்கும் முன்பக்க ஃபிலிமும் பின்பக்க ஃபிலிமும் சில தகடுகளில் 0.1 மி.மீ. விலகியிருந்தன, 0.25 மி.மீ. தகட்டில் அது பளிச்சென்று தெரிகிறது. இரண்டு ஃபிலிமையும் நேராகப் பொருத்த நான்கு மூலையிலும் பதிவுக்குறி போட்டுக் கொடுங்கள், ஒரு தகடு மட்டும் முதலில் கேட்டு வாங்குங்கள். கூலி தகட்டுக் கணக்கு என்பதால் காலி இடத்தில் கைப்பிடி, படிக்கட்டு, உதிரி பிராக்கெட்டுகளை நிரப்பிவிடலாம்.

இரண்டாவது குறை, கழுவுவது போதவில்லை. அரிக்கும் ரசாயனமான ஃபெரிக் குளோரைடு மிச்சம் ஒட்டியிருந்தால் சென்னையின் ஈரக்காற்றில் சீக்கிரமே பச்சை பூக்கும், சாலிடரும் பிடிக்காது. வாங்கிவந்த அன்றே ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துவிடுங்கள்.