மூன்று பாட்டில், ஒரு மூடி

சித்தப்பா பையன் தாராபுரத்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். மடக்கி வைக்கிற சிலிக்கான் தண்ணீர் பாட்டில், அரை லிட்டர், 299 ரூபாய். "ஏணா, நீ மேட்சுக்குத் தூக்கிட்டுப் போவியே, இதுதான? வெல கொறஞ்சிருக்குது. வாங்கட்டுமா?" நான் வாங்கியபோது 649. அந்த எரிச்சலும் கொஞ்சம் கலந்துதான் எழுதுகிறேன், கழித்துக்கொண்டு படிக்கவும்.

எத்தனை நிறத்தில் வருகிறது, எவ்வளவு சூடு தாங்கும் என்பதையெல்லாம் விற்கிறவனே எழுதி வைத்திருக்கிறான். நான் இதை மூன்று வருடத்துக்கு மேலாகக் கால்பந்து மைதானங்களுக்கு மட்டும் கொண்டுபோனவன். எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் மூடியைப் பற்றி.

முதலில், இதை வாங்க நேர்ந்த கதை. எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் பாட்டில் இருந்தது. மாமியார் சீரில் வைத்தது, அடியில் அவர் பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். 2019 மார்ச் 9 அன்று எங்கள் ஊர் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் கால்பந்துக் கோப்பையை வென்றபோது அந்த பாட்டில்தான் என் கையில் இருந்தது. மினர்வா பஞ்சாப் முதலில் ஒரு கோல் போட்டுவிட்டது. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே வழுக்கினால் கோப்பை அங்கே போய்விடும். ஆளாளுக்கு ஒரு கண் மைதானத்தில், ஒரு கண் போனில். கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, என் பாட்டில் ஒரு வரிசை முழுக்கக் கை மாறிப் போனது. எல்லாரும் அண்ணாந்துதான் குடித்தார்கள், ஒருவர்கூட வாய் வைக்கவில்லை. 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை. பாட்டில் திரும்பி வந்தபோது அடியில் ஒரு மடக்கு சிறுவாணித் தண்ணீர் மிச்சம் இருந்தது.

அந்த பாட்டிலைத்தான் பிறகு வேறொரு மைதானத்தின் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் வேன் பிடித்து வெளியூர்தான் போக வேண்டும், எல்லா ஊரிலும் வாசல் ஒரே மாதிரிதான். "ஸ்டீல் உள்ள போகாது சார். அங்க வெச்சுட்டுப் போங்க, வரும்போது எடுத்துக்கலாம்." கைகாட்டிய இடத்தில் வேப்பமரத்தடியில் ஒரு குவியல். ஹெல்மெட், குடை, பவர் பேங்க், டிபன் பாக்ஸ், ஒரு குழந்தையின் பால் புட்டி. ஆட்டம் முடிந்து வந்து பார்த்தால் கம்பி ஒடிந்த குடை ஒன்று மட்டும் கிடந்தது.

வீடு வந்து சேர இரவு இரண்டு மணி. அம்மணி தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்து, நான் ஜெயித்தோமா தோற்றோமா என்று சொல்வதற்கு முன்பே, "பாட்டில் எங்கீங்க?" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் அந்த பாட்டில் பேச்சுக்கு வந்துவிடும். அடுத்த வாரமே இந்த மடக்கு பாட்டிலை வாங்கினேன்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காலியாக இருந்தால் நான்காக மடித்து பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். முதல் பத்து நாள் தண்ணீரில் புது டயர் வாசம் வந்தது. புளித்தண்ணீர் ஊற்றி ஒரு இரவு வைத்ததும் போய்விட்டது. வேன் சீட்டுக்கடியில் மிதிபட்டும் ஓட்டை விழவில்லை. வாசலில் பிடித்துப் பார்க்கிற காவலர் முகத்தில் ஒரு குழப்பம் வரும் பாருங்கள், அதற்கே காசு கொடுக்கலாம். அமுக்குவார், முகர்வார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒருமுறை ஒரு போலீஸ்கார அம்மா, "ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க" என்றார். குடித்தேன். என் முகத்தையே இரண்டு நொடி பார்த்துவிட்டு, "சரி போங்க" என்றார். உள்ளே இருந்தது வேறு சரக்கு என்றால் முகம் சுளித்திருப்பேன் என்ற கணக்கு. நியாயமான சோதனைதான், மூக்கை விட முகம் பொய் சொல்லாது.

இனி மூடி.

சில வாசல்களில் பாட்டிலே போகாது. சில வாசல்களில் பாட்டில் போகும், மூடி போகாது. மூடியோடு இருந்தால் மைதானத்துக்குள் எறிய வசதியாம். "மூடியக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க." சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் என்றால் மூடி போனாலும் பரவாயில்லை, காலிடுக்கில் நிற்க வைத்துக்கொள்ளலாம். இது நிற்காது. உள்ளே தண்ணீர் இருந்தாலும் தொந்திக்காரர் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி ஒரு பக்கமாகச் சரியும். கையில்தான் வைத்திருக்க வேண்டும். கையில் வைத்திருக்கிறவன் கால்பந்து பார்க்கிறவன். எதிரணி பெனால்டி ஏரியாவுக்குள் பந்து போனதும் கை தானாக இறுகும். அவ்வளவுதான்.

கார்னர் கிக். எங்கள் ஆள் தலையால் முட்டினான், பந்து குறுக்குக் கம்பியில் பட்டு வெளியே போனது. நான் எழுந்து, கத்தி, கையை இறுக்கிவிட்டேன். முன் வரிசையில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர். பிடரியில் ஆரம்பித்து முதுகு வரை அரை லிட்டரும் போய்ச் சேர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "இதே பொங்கல் கோல் விழுந்தப்புறம் பொங்கியிருந்தா நல்லாயிருந்திருக்கும் தம்பி" என்றார். பாதுகாப்பு விதிப்படி ஒரு மூடி வெளியே நின்றதால் உள்ளே நடந்த சம்பவம் இது.

கோபம் தணியாமல் அடுத்த ஞாயிறு களத்தில் ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். மச்சினன் பையனை வைத்துக்கொண்டு, கடையில் வாங்கிய அரை லிட்டர் பாட்டில் இரண்டு. ஒன்றில் மூடி, ஒன்றில் இல்லை. இருபது அடி தள்ளி ஹாலோ பிளாக் சுவர். மூடி போட்டதை வீசினேன், அரைக் கிலோக் கல் மாதிரி நேராகப் போய் "தொம்" என்று அடித்தது. மூடி இல்லாதது கையை விட்டதுமே சுற்ற ஆரம்பித்து, பாதித் தண்ணீரை வழியிலேயே கொட்டிவிட்டு, சுவரை எட்டும்போது வெறும் கூடாக விழுந்தது. பையனுக்கு ஏக சந்தோஷம், "இன்னொருக்கா மாமா" என்றான். பிறகு என் மடக்கு பாட்டிலை மூடியோடு வீசினேன். ஈரத் துண்டால் அறைந்த மாதிரி ஒரு சத்தம். "எம்முதுகுல போடுங்க மாமா" என்று அவனே திரும்பி நின்றான். மெதுவாகத்தான் போட்டேன். சுரீர் என்றதாம். அழவில்லை, ஆனால் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஆக, வாசலில் நிற்கிறவர் சொல்வது சரி. ஒப்புக்கொள்கிறேன். 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் ஈடன் கார்டனில் பாட்டில்கள் பறந்து, ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றி கொடுத்ததை டிவியில் பார்த்த வயசுதான் எனக்கும். 2025 டிசம்பரில் மெஸ்ஸியைப் பார்க்கக் கொல்கத்தா சால்ட் லேக்கில் கூடிய கூட்டம், அவரைச் சரியாகக் காட்டவில்லை என்று பாட்டிலையும் நாற்காலியையும் மைதானத்துக்குள் எறிந்தது. நம் ஆட்கள் எறிய மாட்டார்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? 2018-இல் காவிரிப் பிரச்சினை கொதித்தபோது சேப்பாக்கத்தில் செருப்பே பறந்தது. அதற்காக யாரும் வெறுங்காலோடு வரச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் வேனில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் வாளையாறு வரும்வரை ஓயாது. பனியன் கம்பெனி அண்ணன் கட்சி ஒன்று, "எல்லாத்தையும் புடுங்கிட்டு உள்ள விடணும். நாம ஒழுங்கு, பக்கத்துல இருக்கிறவன் ஒழுங்குன்னு யாருக்குங்க தெரியும்?" காலேஜில் பாடம் எடுக்கும் தம்பி இங்கிலாந்து உதாரணம் கொண்டுவருவான். அங்கே 1985-இல் சட்டமே போட்டார்கள், மைதானம் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து பீர் குடிக்கக் கூடாது. கால்பந்துக்கு மட்டும்தான் அது, கிரிக்கெட்டுக்குக் கிடையாது. அதனால் இடைவேளையில் ஆட்கள் உள்கூடத்தில் நின்று அவசர அவசரமாகக் கவிழ்த்துவிட்டு வருகிறார்களாம். கத்தார் உலகக் கோப்பையில் ஆட்டம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது மைதானத்தில் பீர் கிடையாது என்று அறிவித்ததையும் இழுப்பான். எலக்ட்ரீசியன் மாப்பிள்ளை பின் சீட்டிலிருந்து, "நாங்க கேக்கறது பச்சத்தண்ணிங்க" என்பான். அதோடு பேச்சு முடியும். என் கட்சியும் அதுதான்.

பறிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. பறித்த பிறகு என்ன என்பதுதான். ஒரு ஊரில் கேலரியின் ஒரு கோடியில் இருபது லிட்டர் கேன் வைத்திருந்தார்கள், ஒரு பிளாஸ்டிக் டம்ளர். இரண்டாயிரம் பேருக்கு ஒரு டம்ளர். இன்னொரு ஊரில் அலுமினியத் தாள் ஒட்டின கப் தண்ணீர், இருபது ரூபாய், இரண்டே மடக்கு. இடைவேளை பதினைந்து நிமிடம். வரிசையில் நின்று, என் முறை வரும்போது கப் தீர்ந்து, அடுத்த பெட்டி வருகிறது என்று சொல்லி, நான் கையில் ஒரு கப்போடு படியேறும்போது மேலே ஒரே கூச்சல். கோல். எங்கள் கோல். பக்கத்து சீட்டுக்காரர் போனில் காட்டினார், அதையும் முழுதாகப் பார்க்க விடாமல் கட்டிப்பிடித்தார். அந்தக் கப் தண்ணீருக்கு ஒரு ருசியும் இல்லை. சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்கு, அதுவும் சேர்ந்துகொண்டது.

உள்ளே ஆடுகிறவர்களுக்கு வெயில் அதிகமானால் தண்ணீர் இடைவேளை விடுகிறார்கள். 2014-இல் பிரேசிலில் நெதர்லாந்து - மெக்ஸிகோ ஆட்டத்தில் நடுவர் அதற்காக ஆட்டத்தை நிறுத்தியதைப் பார்த்திருப்பீர்கள். 2026 உலகக் கோப்பைக்கு ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடம் என்றே வைத்துவிட்டார்கள். மேற்குக் கேலரிக்கு எதிரே, முகத்தில் வெயில் அடிக்க உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த மூன்று நிமிடம் மற்றவர்கள் குடிப்பதை வேடிக்கை பார்க்கத்தான்.

மூடிக்கு வருகிறேன். வாசலில் கொடுத்த மூடி திரும்பி வராது. இந்த பாட்டிலுக்கு மூடி மட்டும் தனியாக விற்பதும் இல்லை. விற்றவனிடம் கேட்டால் "புதுசா ஒண்ணு வாங்கிக்கோங்க சார்" என்று சிரிக்கும் பொம்மையோடு பதில் வந்தது. வாங்கினேன். அந்த மூடியும் போனது. மறுபடியும் வாங்கினேன். இப்போது என்னிடம் மூன்று பாட்டில், ஒரு மூடி. அந்த ஒன்றையும் இப்போதெல்லாம் வாசலுக்கு முன்பே கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன். உள்ளே போய்த் திருகிக்கொள்வேன். மச்சினன் பையன் முதுகு சுரீர் என்றது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் வேட்டிக்காரப் பெரியவர் முதுகும் நினைவுக்கு வருகிறது. காலேஜ் தம்பி சொல்கிறான், இங்கிலாந்திலும் ஆட்கள் பாக்கெட்டில் உதிரி மூடி கொண்டுபோகிறார்களாம். சரி, நாம் மட்டும் இல்லை.

இன்னொரு குறை. அண்ணாந்து குடிக்க இது ஆகாது. வாய்க்கு மேலே தூக்கி லேசாக அமுக்கினால்கூட மூக்குக்குள் போகிறது. அதனால் வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும். வாய் வைத்த பாட்டிலை வரிசையில் யாருக்கும் நீட்ட முடியாது. மூன்று வருடத்தில் ஒருவரும் இதில் ஒரு மடக்குக் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை. பாட்டில் மேல் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லைதான்.

வாங்கலாமா என்று கேட்டான் அல்லவா. சாமான் நல்ல சாமான். மைதானத்துக்கு வேண்டாம். வீட்டில் வைத்துக்கொள்ள இதைவிட எவர்சில்வர் மேல். இவ்வளவும் டைப் செய்து அனுப்பிவிட்டு, 299 தானே என்று நானும் ஒன்று ஆர்டர் போட்டுவிட்டேன். அவன் ஏற்கெனவே இரண்டு போட்டுவிட்டானாம். "டேய், எதுக்கு ரெண்டு?" என்றேன். "ஒண்ணு உனக்குத்தாணா. மூடி வேணும்னீல்ல?"