டிராஃப்ட் ஹெல்ப்பர் ஆப் ரிவ்யூ: கிக்கர் விஷயத்துல டிராஃப்ட் அன்னிக்கு சொதப்பல், சீசன்ல சூப்பர்

ஃபேன்டசி ஃபுட்பாலுக்குன்னு (NFL அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரங்கள ரவுண்டு ரவுண்டா தேர்ந்தெடுத்து, அதாவது டிராஃப்ட் பண்ணி, அவங்க நிஜ கேம்ல ஆடறத வெச்சு பாயிண்ட் எடுக்கற ஆட்டம்) காசு கட்டி ஒரு டிராஃப்ட் ஹெல்ப்பர் ஆப் வாங்கி ஒரு சீசன் முழுக்க யூஸ் பண்ணிட்டேன். பேர் போடல, ஏன்னா இந்த மாதிரி ஆப் எது வாங்கினாலும் முதல்ல செக் பண்ண வேண்டியது ஒரே விஷயம்தான், கிக்கர (கோல் கம்பத்துக்கு நடுவுல பந்த உதைச்சு பாயிண்ட் எடுக்கறவர) எந்த ரவுண்டுல எடுக்க சொல்லுதுன்னு பாருங்க, அதுலயே அந்த ஆப் செஞ்சவங்களுக்கு ரிஸ்க்னா என்னன்னு புரிஞ்சிருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

மாக் டிராஃப்ட் (ஒத்திகை டிராஃப்ட்) நல்லா வேகமா ஓடுது, ரேங்கிங்கும் ஓகே. ஆனா 12 டீம் லீக், 15 ரவுண்டுன்னு செட் பண்ணி ஆடினா 11வது ரவுண்டுலயே கிக்கர் பிராண்டன் ஆப்ரி பேர பச்சை கலர்ல காட்டி இப்பவே எடுங்கன்னு சொல்லுது, அதே ஸ்க்ரீன்ல கீழ நல்ல பேக்கப் ரன்னிங் பேக் (பந்தோட ஓடறவங்க) ரெண்டு மூணு பேர் சும்மா உக்காந்திருக்காங்க. ஆப்ரி நல்ல கிக்கர்தான், 2023ல வந்த புதுசுலயே வரிசையா 35 ஃபீல்ட் கோல் (அந்த உதை உள்ள போனா ஃபீல்ட் கோல், நிஜ கேம்ல 3 பாயிண்ட்) மிஸ் இல்லாம அடிச்சவர், 50 யார்டுக்கு மேல அடிச்சா பெரும்பாலான லீக்ல 5 பாயிண்ட் வேற. ஆனா முதல் கிக்கருக்கும் பத்தாவது கிக்கருக்கும் சீசன் மொத்தத்துல தெரியற வித்தியாசத்த 17 கேமுக்கு பிரிச்சு பாத்தீங்கன்னா வாரத்துக்கு கையில நிக்கறது ரொம்ப கம்மி, அந்த முதல் கிக்கர் யாருன்னு டிராஃப்ட் நடக்கற ஆகஸ்ட்ல சரியா சொல்றதும் கஷ்டம்.

ஜஸ்டின் டக்கர பாருங்க, 2021ல டெட்ராய்ட்டுக்கு எதிரா 66 யார்டு அடிச்சு அப்போ ரெக்கார்ட் வெச்ச மனுஷன், வருஷக்கணக்கா டிராஃப்ட்ல முதல்ல போற கிக்கர்கள்ல ஒருத்தர், 2024ல 30க்கு 22தான் உள்ள போச்சு, அடுத்த மே மாசம் அவரோட டீம் ரேவன்ஸ் ரிலீஸே பண்ணிட்டாங்க. அதே 2024ல ஸ்டீலர்ஸ் கிறிஸ் பாஸ்வெல் முதல் வாரமே ஃபால்கன்ஸுக்கு எதிரா 6 ஃபீல்ட் கோல், டீம் எடுத்த 18 பாயிண்டும் அவர் ஒருத்தர் அடிச்சது, சீசன் முடியும்போது 41 அடிச்சு லீக்லயே முதல் ஆள்.

எனக்கு நிஜமாவே கோவம் வந்தது எங்கன்னா, கிக்கர் இல்லாம டிராஃப்ட முடிக்கணும்னா இந்த ஆப்ல அதுக்கு ஆப்ஷனே கிடையாது. லாஸ்ட் ரவுண்டு வந்ததும் ரோஸ்டர் (உங்க டீம் லிஸ்ட்) முழுமையா இல்லன்னு செவப்பு வார்னிங், டைமர் முடிஞ்சா ஆட்டோபிக்ல ஒரு கிக்கர தூக்கி போட்டுடும். சப்போர்ட்டுக்கு எழுதி கேட்டேன், ரோஸ்டர் முழுமையா இருக்கணும்னு அதே வரிய திருப்பி அனுப்பினாங்க. டிராஃப்டுக்கும் முதல் கேமுக்கும் நடுவுல ரெண்டு வாரம் இருந்தா அந்த கடைசி பெஞ்ச் இடம்தான் பணம், ப்ராக்டிஸ்ல யாராவது அடிபட்டா அவரோட பேக்கப் ஒரே நாள்ல எங்கயோ போயிடுவாரு. 2023ல ராம்ஸ் ஆட்டக்காரர் கூப்பர் கப் ஹாம்ஸ்ட்ரிங் (தொடை தசை) பிரச்சனைல இருந்தப்போ, நிஜ NFL டிராஃப்ட்ல அஞ்சாவது ரவுண்டுல ராம்ஸ் எடுத்த பூக்கா நகுவா முதல் கேம்லயே 10 கேட்ச் 119 யார்டு, சீசன் முடிவுல 1,486 யார்டு. அந்த மாதிரி ஒருத்தர ஃப்ரீயா வெச்சு பாக்கறதுக்கு இருக்கற இடத்துல கிக்கர உக்கார வெக்க சொல்ற ஆப்புக்கு நான் எப்படி மார்க் போடறது?

பை வீக் விஷயத்துலயும் அப்படித்தான், உங்க கிக்கருக்கு ரெஸ்ட் வாரம் வருதுன்னா ரெண்டாவது கிக்கர எடுத்து வெச்சுக்க சொல்லுது. தேவையே இல்ல, அந்த வாரம் இருக்கறவர விட்டுட்டு வேற ஒருத்தர எடுத்துக்கலாம்.

சரி, நல்லதும் சொல்லணும். செப்டம்பர்ல இருந்து வர்ற வாராந்திர கிக்கர் பக்கம் அருமை, இதுக்காக மட்டும் காசு குடுக்கலாம். எந்த கேம் டோம்ல (கூரை போட்ட ஸ்டேடியத்துல), எங்க காத்து அடிக்குது, எந்த டீம் எத்தன பாயிண்ட் எடுக்கும்னு எதிர்பாக்கறாங்க எல்லாம் ஒரே வரில இருக்கும். காயம் அலர்ட்டும் சட்டுனு வருது, சீஃப்ஸ்ல 2024 நவம்பர்ல கிக்கர் பட்கர் முழங்கால் ஆபரேஷனுக்கு போனாரு, பதிலா வந்த ஷ்ரேடரும் அடிபட்டாரு, அப்புறம் மேத்யூ ரைட் வந்தாரு, இந்த மாதிரி நேரத்துல எந்த டீம் அஃபென்ஸ் (பாயிண்ட் எடுக்க ஆடற பக்கம்) நல்லா ஓடுதுன்னு பாத்து அந்த டீமுக்கு யாரு கிக் பண்றாங்கன்னு எடுக்கறதுக்கு இந்த பக்கம் பக்காவா ஒத்து வருது.

என் ரேட்டிங் 5க்கு 3. டிராஃப்ட் பேக்கேஜ் வேணாம், மாசாமாசம் கட்டற பிளான் மட்டும் செப்டம்பர்ல எடுங்க. டிராஃப்டுக்கு முன்னாடி உங்க லீக் கமிஷனர்கிட்ட கிக்கர் இல்லாம டிராஃப்ட முடிக்கலாமான்னு கேட்டு வெச்சுக்கோங்க, சில லீக்ல விட மாட்டாங்க, அங்க கடைசி ரவுண்டுல ஒருத்தர எடுத்துட்டு போங்க. விடறாங்கன்னா முதல் ஞாயித்துக்கிழமை கேம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பெஞ்ச்ல யாரு கிளிக் ஆகலயோ அவர விட்டுட்டு அன்னிக்கு டோம்ல ஆடற ஒரு கிக்கர எடுத்து லைன்அப்ல போடுங்க.