பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? தண்டையார்பேட்டை இரண்டு நாள் பயிற்சி பற்றி

தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், மாதம் ஒரு சனி ஞாயிறு பார்த்து இந்தப் பயிற்சி நடக்கிறது. கட்டணம் 1,800 ரூபாய். மதியச் சாப்பாடும் 64 பக்கக் கையேடும் அதிலேயே அடக்கம். ஒரு அணிக்கு 24 பேர். பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், போக்சோ (பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம்) வழக்குகளில் பிள்ளைக்குத் துணையாக நிற்கும் ஆதரவு நபராக இருப்பவர்கள், இளம் வழக்கறிஞர்கள் வருகிறார்கள். பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்படும் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம்.

முதல் நாள் முழுக்க ஒரே விவகாரத்தைச் சுற்றி ஓடுகிறது. பூசை, பலி, சாத்தான் வழிபாடு என்று சடங்கு நடத்திக் குழந்தைகளைச் சீரழித்தார்கள் என 1980களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிளம்பிய குற்றச்சாட்டுகளும், அவற்றை வைத்து ஆய்வாளர்கள் இன்றுவரை நடத்தும் வாதமும்தான் அது. கொருக்குப்பேட்டை டீச்சருக்கு கலிஃபோர்னியா பாலர் பள்ளி வழக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் தேவை என்கிறோம் நாங்கள். கேட்கிற விதம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட முழுமையான பதிவு எங்கும் இல்லை.

அந்தப் பாலர் பள்ளி வழக்கான மெக்மார்ட்டின் வழக்கில் தொடங்குகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் அருகே மன்ஹாட்டன் பீச் ஊரில் 1983 ஆகஸ்டில் ஒரு தாய் புகார் கொடுக்கிறார். செப்டம்பரில் போலீஸே சுமார் 200 பெற்றோருக்குக் கடிதம் அனுப்புகிறது. சந்தேக நபரின் பெயர், என்னென்ன நடந்திருக்கலாம் என்ற பட்டியல் இரண்டையும் எழுதி, உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள் என்கிறது. அந்தக் கடிதத்தின் சாரத்தைத் தமிழில் கொடுத்து, பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே எத்தனை விஷயம் அதன் காதுக்குப் போயிருக்கும் என்று எண்ணச் சொல்கிறார் பயிற்சியாளர். நல்ல பயிற்சி. பெயர், இடம், செயல் மூன்றும் பெரியவர்கள் வாயிலிருந்து வந்தவை என்பது பென்சிலால் அடிக்கோடு போடும்போதே உறைக்கிறது.

அதன்பின் சுமார் 400 பிள்ளைகளை ஒரு தனியார் மையம் பேட்டி எடுத்தது. கைப்பொம்மை வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்று தூண்டி, எதிர்பார்த்த பதில் வந்தால் பாராட்டி, வராவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்டு. 360 பேர் கொடுமைக்கு ஆளானார்கள் என்று முடிவு கட்டினார்கள். சுரங்கப்பாதை, விலங்குப் பலி, விமானப் பயணம் எல்லாம் வாக்குமூலத்தில் வந்தன. ஏழு பேர் மீது வழக்குப் போட்டு, 1986 ஜனவரியில் ஐந்து பேரை விடுவித்தார்கள். மீதி இருவர் மீதும் 1990-ல் ஒரு தண்டனைகூட இல்லாமல் வழக்கு முடிந்தது. ஏழு வருஷம், சுமார் 1.5 கோடி டாலர் செலவு. அத்தனை பிள்ளைகளில் ஒருவருக்காவது உண்மையிலேயே ஏதாவது நடந்ததா என்று பிரித்துப் பார்க்கவே முடியாதபடி பேட்டிகள் எல்லாவற்றையும் கலக்கிவிட்டிருந்தன.

இந்தப் பயிற்சியின் சிறந்த ஒரு மணி நேரம் இதற்கு அடுத்து வருகிறது. உளவியலாளர்கள் சேனா கார்வென், ஜேம்ஸ் வுட் குழுவினர் 1998-ல் வெளியிட்ட சோதனையை வகுப்பிலேயே நடித்துக் காட்டுகிறார்கள். ஒரு ஆள் வகுப்புக்கு வந்து கதை சொல்லிவிட்டுப் போவார். ஒரு வாரம் கழித்து, 3 முதல் 6 வயதுள்ள 66 பிள்ளைகளிடம் அவர் செய்யாத காரியங்களைப் பற்றிக் கேட்டார்கள். பதிலைத் தூண்டும் கேள்வி மட்டும் கேட்டபோது தவறான பதில் 17 சதவீதம். மெக்மார்ட்டின் பேட்டிகளில் இருந்த அழுத்தம், பாராட்டு, 'மற்றவர்களும் சொன்னார்கள்' ஆகியவற்றைச் சேர்த்தபோது 58 சதவீதம். ஐந்து நிமிஷத்துக்குள். இதே குழு 2000-ல் செய்த இன்னொரு சோதனையில், பாராட்டும் அதிருப்தியும் மட்டுமே போதுமானதாக இருந்தது. ஹெலிகாப்டரில் கூட்டிப் போனார் போன்ற நடக்கவே முடியாத விஷயங்களுக்குக்கூட 52 சதவீதம் 'ஆமாம்' வந்தது. பாராட்டு இல்லாத பிள்ளைகளிடம் அது 5 சதவீதம். 'வெரி குட்', 'சமத்து' என்று நம் வாயில் சும்மா வரும் சொற்கள் என்ன வேலை செய்கின்றன என்று புரியவைக்க இந்த இரண்டு எண்கள் போதும்.

அடுத்து விசாரணை அறிக்கைகள். எஃப்.பி.ஐ.யின் கென்னத் லானிங் ஆரம்பத்தில் இந்தக் குற்றச்சாட்டுகளை நம்பத் தயாராக இருந்தவர். ஆண்டுக்கணக்கில் வழக்குகளைப் பார்த்த பிறகு, கூட்டம் கூட்டமாகப் பலி கொடுக்கும் ரகசிய அமைப்புக்கு ஆதாரம் இல்லை என்று 1992-ல் எழுதினார். பிரிட்டனில் மானுடவியலாளர் ஜீன் லா ஃபொன்டைன் 84 வழக்குகளை ஆராய்ந்து 1994-ல் அறிக்கை கொடுத்தார். சாத்தான் வழிபாட்டுக்கு ஒன்றில்கூட ஆதாரம் இல்லை. ஆனால் மூன்று வழக்குகளில் சடங்கு நடந்ததற்குப் பொருள் ஆதாரம் இருந்தது. அந்த மூன்றிலும் சடங்கு ஒரு போர்வை. பிள்ளையைப் பயமுறுத்தி வாயடைக்கக் கொடுமைக்காரன் பயன்படுத்திய கருவி அது. கையேட்டில் இந்த மூன்று வழக்குகளுக்குக் கிடைத்திருப்பது ஒரே வரி. எங்கள் பெரிய குறையே இதுதான். நம் ஊருக்கு மிகவும் தேவைப்படுவது அந்த ஒரு வரி.

மறுபக்க வாதத்துக்கு ஒதுக்கியிருப்பது பதினைந்து நிமிஷம். போதவே போதாது. பிரௌன் பல்கலைக்கழகத்தின் ராஸ் செய்ட் 2014-ல் பழைய நீதிமன்ற ஆவணங்களைத் தோண்டி, 'எல்லாம் சூனிய வேட்டை' என்ற கதையே மிகைப்படுத்தப்பட்டது, பல வழக்குகளில் நியாயமான ஆதாரம் இருந்தது, அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று வாதிட்டார். ஆய்விதழ்களில் கடும் மறுப்பு வந்தது, ஆதரவும் வந்தது. பிரிட்டனின் நாட்டிங்காமில் 1989-ல் ஒரே குடும்ப வட்டத்தைச் சேர்ந்த பத்துப் பெரியவர்கள் நிஜமாகவே தண்டிக்கப்பட்டார்கள். அதன் மேல் அடுக்கப்பட்ட சூனியக் கதைகள்தான் விசாரணையில் நிற்கவில்லை. கொடுமை உண்மை, சடங்குக் கதை பொய் என்று இரண்டும் ஒரே வழக்கில் இருக்க முடியும். இதைச் சொல்லாமல் விட்டால், வருகிறவர்கள் 'பிள்ளைங்க கற்பனை பண்ணிச் சொல்லும்' என்ற ஒற்றைப் பாடத்தோடு வீட்டுக்குப் போவார்கள். அது ஆபத்து.

தாமதமாகச் சொல்வது, சொன்னதை மறுப்பது பற்றிய விவாதத்தையும் சேர்க்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983-ல், கொடுமைக்கு ஆளான பிள்ளை ரகசியம் காக்கும், தாமதமாகச் சொல்லும், பிறகு மறுக்கும் என்று எழுதினார். தாமதம் உண்மைதான், ஆனால் நேரடியாகக் கேட்கும்போது பெரும்பாலான பிள்ளைகள் மறுப்பதில்லை என்று ஆய்வாளர்கள் மேகி ப்ரக், ஸ்டீஃபன் செசி முதலானோர் 2005-ல் காட்டினார்கள். 2007-ல் தாமஸ் லயன் குழு உறுதிசெய்யப்பட்ட வழக்குகளைப் பார்த்தபோது 23 சதவீதம் பிள்ளைகள் பின்வாங்கியிருந்தனர். அதுவும் குடும்பத்துக்குள்ளேயே கொடுமை நடந்து, அம்மா ஆதரவாக இல்லாதபோது அதிகம். வடசென்னையில் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீடுகளில் வேலை செய்பவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை திரும்ப எந்த வீட்டுக்குப் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வகுப்புச் சுவரில் 'குழந்தைகள் பொய் சொல்வதில்லை' என்று பெரிய பலகை. மேலே சொன்ன பாடம் முழுக்க அந்தப் பலகைக்குக் கீழேயே நடக்கிறது. தயவுசெய்து கழற்றுங்கள். அந்த நம்பிக்கையோடுதான் அமெரிக்காவில் ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டார்கள்.

இனி நம் ஊர். பாலம் கட்டப் பிள்ளையைப் பலி கொடுக்கிறார்கள், பிள்ளை பிடிக்கிறவன் வந்துவிட்டான் என்ற பேச்சு நம்மிடையே புதிதா? 2018 மே மாதம் வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, நமக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒருவரை அடித்தே கொன்றார்கள். அதே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணியைக் கொன்றார்கள். மன்ஹாட்டன் பீச் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்த இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. கையேட்டில் இது இல்லை.

எலுமிச்சம்பழம், வேப்பிலை, குங்குமம், புகை, யாரோ மந்திரம் சொன்னார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், ஆடி மாதம் நம் தெருவில் மூலைக்கு மூலை அதுதான். தாயத்து கட்டுவது, தர்காவில் ஓதி விடுவது, சாமி ஆடுவது எல்லாம் சாதாரணம். அதைக் கேட்டதும் 'நரபலி' என்று எழுதிவிடக் கூடாது. அதே சமயம், 'தோஷம் கழிக்கிறேன்', 'பேய் ஓட்டுறேன்' என்று கதவைச் சாத்திக்கொள்கிறவன் இருக்கிறான். லா ஃபொன்டைனின் மூன்று வழக்குகள் அவனைப் பற்றியவைதான். இங்கே கேட்க வேண்டியது ஒன்றே: "அப்புறம் என்ன நடந்துச்சு?"

இரண்டாம் நாள் முழுக்கப் பயிற்சி. உளவியலாளர் மைக்கேல் லேம்ப் குழு உருவாக்கி 2000-ல் வெளியான, பிள்ளைகளைப் பேட்டி எடுக்கும் என்.ஐ.சி.எச்.டி. முறையைத் தமிழ்ப்படுத்தியிருக்கிறார்கள். முதலில் விதிகள்: "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு", "நான் தப்பா சொன்னா திருத்து". சொல்லிவிட்டு விடக்கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும்: "எங்க வீட்டு நாய் பேர் என்ன?" பிள்ளை 'தெரியாது' என்றால் விதி புரிந்தது. பிறகு பொங்கல், பிறந்தநாள் என்று சமீபத்தில் நடந்த ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை ஐந்து நிமிஷம் சொல்லவைக்க வேண்டும். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போவது இந்த ஐந்து நிமிஷத்தைத்தான், அங்கேதான் பிள்ளை நீளமாகப் பேசப் பழகுகிறது. அதன்பின் "இன்னைக்கு என்ன சொல்ல வந்தே?", "அப்புறம்?", "நீ ஒரு ரூம் சொன்னியே, அதைப் பத்தி இன்னும் சொல்லு". யார், எங்கே, எப்போது அதற்குப் பின். ஆமாம்–இல்லை கேள்வி கடைசியில், வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

தமிழில் கண்ணி எங்கே இருக்கிறது என்பதை இவர்கள் பிடித்திருப்பது பாராட்டுக்குரியது. 'தொட்டாரா', 'கூப்பிட்டாரா' என்று வினைச்சொல்லின் வாலில் ஒரு 'ஆ' ஒட்டினாலே அது ஆமாம்–இல்லை கேள்வியாக மூடிவிடும். 'தானே' சேர்த்தால் பதிலையே கொடுத்துவிட்டோம். பயிற்சியில் ஒருவர் கேட்கிறார், ஒருவர் பிள்ளையாக நடிக்கிறார், மூன்றாமவர் ஒவ்வொரு 'ஆ'வுக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தட்டில் போடுகிறார். பத்து நிமிஷப் பேட்டியில் தட்டு நிரம்பிவிடுகிறது. இரண்டாவது சுற்றில் பாதியாகக் குறைகிறது.

'மாமா' என்ற சொல்லுக்குத் தனி வகுப்பே வேண்டும். தாய்மாமா, பக்கத்து வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், கடைக்காரர் எல்லோரும் மாமாதான். "எந்த மாமா? அந்த மாமாவைப் பத்திச் சொல்லு" என்று கேட்காமல், பேட்டி எடுப்பவரே ஒரு மாமாவை மனதில் வைத்துக்கொண்டால் வழக்கு தப்பான வீட்டுக்குப் போகும்.

குறைகள் இன்னும் உண்டு. கையேட்டில் மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலத்துக்கு இன்னும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 164-ஐப் போட்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183. போக்சோ சட்டப் பிரிவு 24-ன்படி பிள்ளையின் வாக்குமூலம் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் பதிவாக வேண்டும் என்பதைச் சொல்கிறார்கள், சரி. ஒலி, ஒளிப்பதிவு முடிந்தவரை வேண்டும் என்ற பிரிவு 26-க்குச் செய்முறையும் உண்டு. ஆனால் மண்டபத்து மின்விசிறி இரைச்சலிலும் வெளியே போகும் கன்டெய்னர் லாரிச் சத்தத்திலும் பதிவில் பாதிச் சொல் கேட்கவில்லை. செல்போனை மேஜையில் வைக்காமல் மடித்த துண்டின் மேல், பிள்ளையிடமிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, விசிறியை அணைத்துப் பத்து விநாடி சோதித்துக் கேட்டால் தீர்ந்தது. எங்கே தொட்டார்கள் என்று காட்டச் சொல்வதற்கான உடல் பொம்மைப் பெட்டி ஒன்றை 950 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் பொம்மையை வைத்து விளையாடவே செய்யும். அந்த விளையாட்டைச் சாட்சியமாகப் படித்ததில்தான் பழைய வழக்குகள் பல இடறின.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பேட்டி முழுவதையும் நடத்துவது உங்கள் வேலை இல்லை. பிள்ளை தானாகச் சொன்னதை அதே சொல்லில், நீங்கள் கேட்ட கேள்வியோடு சேர்த்து, நேரம் போட்டு எழுதுங்கள். காவல்துறைக்குத் தகவல் கொடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம். போக்சோ பிரிவு 19-ன்படி காவல்துறைக்குச் சொல்வது கடமை, மறைத்தால் 21-ன்படி தண்டனை உண்டு. தலைமை ஆசிரியர், பிறகு ஆலோசகர், பிறகு தாளாளர் என்று ஒவ்வொருவரிடமும் பிள்ளையைத் திரும்பச் சொல்லவைக்கக் கூடாது. கையேடு இதை 51-ஆம் பக்கத்தில் வைத்திருக்கிறது. முதல் பக்கத்துக்கு வர வேண்டும்.

போகலாமா என்றால், போகலாம். முதல் நாள் காலையும் இரண்டாம் நாள் முழுவதும் கொடுத்த காசுக்கு மேல் மதிப்பு. ஆனால் முடிவில் தரும் சான்றிதழில் 'தடயவியல் நேர்காணல் நிபுணர்' என்று அச்சடித்திருக்கிறார்கள், அந்த வரியை எடுக்க வேண்டும். பயிற்சிக்குப் பின் தொடர்ந்து யாராவது பேட்டிகளைக் கேட்டுத் திருத்தாவிட்டால், கற்ற முறை சீக்கிரமே தேய்ந்து பழைய பழக்கம் திரும்புகிறது என்று லேம்ப் குழுவே 2002-ல் காட்டியது. அச்சுச் செலவை மிச்சம் பிடித்து, முடித்தவர்களை மாதம் ஒரு மாலை அதே மாடிக்குக் கூப்பிட்டு, தங்களுக்குள் எடுத்த பயிற்சிப் பேட்டிகளைப் போட்டுக் கேட்கவையுங்கள். புளியங்கொட்டைத் தட்டு ஏற்கெனவே அங்கே இருக்கிறது.